ஆடிட் நாளில் வீட்டில் இருந்தவள்

ஒரகடத்தில் என் பெயர் 'பிரேக் கம்பெனி'. பால்காரர் அப்படித்தான் கூப்பிடுகிறார். எதிர்வீட்டுக்காரர் 'கண்ணாடி கம்பெனி'. மாடியறையில் தங்கியிருக்கும் தஞ்சாவூர்ப் பையன்கள் அத்தனை பேருக்கும் சேர்த்து 'டயர்'. வந்த புதிதில் இது எனக்கு வேடிக்கையாகவும், உண்மையைச் சொன்னால், ஆறுதலாகவும் இருந்தது. எங்கள் திருநெல்வேலிப் பக்கம் புது ஆளைப் பார்த்தால் 'நீங்க யாரு மகன்?' என்று ஆரம்பிப்பார்கள். அதற்குப் பதில் சொல்லி முடிப்பதற்குள் நம் சாதி, சொத்து, சித்தப்பா குடித்துக் கெட்ட கதை எல்லாம் வெளியே வந்துவிடும். இங்கே 'எந்த கம்பெனி?' என்ற ஒரே கேள்விதான். சொல்லிவிட்டால் விட்டுவிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை கறிக்கடை வரிசையில்கூடப் பாதிப் பேர் கழுத்தில் கம்பெனி டேக்கோடு நிற்பார்கள். நானும் அப்படி நின்றிருக்கிறேன். ஊரில் இதைப் படிக்கிறவர்கள் சிரிக்கலாம். இருங்காட்டுக்கோட்டையிலோ மறைமலை நகரிலோ வாடகை அறையில் உட்கார்ந்து படிக்கிறவர்கள் சிரிக்கமாட்டார்கள் என்று தெரியும்.

ஒரே தமிழ்நாடுதானே, இதில் என்ன புலம்பெயர்வு என்று என் மைத்துனன் கேட்கிறான். அவன் துபாயில் இருக்கிறான், அந்தத் திமிர். ஆனால் அவனுக்குத் துபாயில் பாஷை தெரியாவிட்டால் அது நியாயம். எனக்குத் தமிழ்நாட்டிலேயே பாஷை தெரியவில்லை என்பதுதான் கேவலம். எங்கள் வீட்டுக்காரம்மா கஸ்தூரி அக்காவின் நிலம் முழுக்கத் தொழிற்சாலைக்குப் போய், மிச்சமிருந்த இடத்தில் வரிசையாகக் கட்டிய வீடுகளில் ஒன்றில்தான் நாங்கள் இருக்கிறோம். நல்ல மனுஷி. எங்கள் அப்பா ஒருமுறை ஊரிலிருந்து வந்திருந்தபோது வாசலில் நின்றுகொண்டு, "இன்னா பெரியவரே, துன்னுட்டியா?" என்று அன்பாகத்தான் கேட்டார். அப்பாவின் முகம் விழுந்துவிட்டது. பெற்ற பிள்ளைகளே 'நீங்க, வாங்க' என்று பேசக் கேட்டுப் பழகிய மனிதர். "பொம்பள என்னைய 'நீ, வா, போ'ங்கா. இதுக்காடே என்னைய கூப்பிட்ட?" என்றவர் சாயங்காலமே பஸ் ஏறிவிட்டார். விஷயம் தெரியாத கஸ்தூரி அக்கா, பெரியவருக்கென்று ஒரு கிண்ணத்தில் மீன் குழம்பு கொண்டுவந்து, "எங்க, கெளம்பிட்டாரா? ஒரு வார்த்தை சொல்லாம பூட்டாரே" என்று வருத்தப்பட்டார். மீன் குழம்பு நன்றாக இருந்தது. நான் அப்பாவுக்கும் சமாதானம் சொல்லவில்லை, அக்காவுக்கும் விளக்கவில்லை.

இந்தப் பாஷை விஷயத்தில் அதிகம் அடிபட்டது என் மகள்தான். அவள் பெயர் இசக்கிலட்சுமி. ஏழாம் வகுப்பின் நடுவில் ஊரிலிருந்து கொண்டுவந்து இங்கே அரசு நடுநிலைப்பள்ளியில் சேர்த்தோம். சேர்ந்த வாரமே ஒரு பையன் ஏதோ திட்டியிருக்கிறான். இவள் எழுந்து, "டீச்சர், இவன் என்னைய வைதான்" என்றிருக்கிறாள். வகுப்பே சிரித்திருக்கிறது. 'வைதான், வைதான்' என்று அதுவே அவளுக்குப் பட்டப்பெயராகிவிட்டது. பாடப்புத்தகத்தை வாசிக்கச் சொன்னால் வாசிக்கிற ராகத்துக்குச் சிரிப்பு, பதில் சொன்னால் சிரிப்பு. பெயரில் இருந்த இசக்கியை அவளே வெட்டிவிட்டு நோட்டு அட்டைகளில் லட்சுமி என்று மட்டும் எழுத ஆரம்பித்தாள். அழுதுகொண்டு என்னிடம் வந்தபோது நான் என்ன செய்திருக்க வேண்டும்? பள்ளிக்கூடத்துக்குப் போய்ப் பேசியிருக்க வேண்டும். நான் சொன்னது இது: "இங்க உள்ளவுக மாதிரி பேசிப் பழகுட்டி. அப்பா பேசல? கம்பெனியில நானும் இன்னா, கீதுன்னுதான் பேசுதேன். வாசல்ல செருப்பைப் போடுத மாதிரி அந்தப் பேச்சையும் போட்டுக்க, வீட்டுக்கு வந்தா கழட்டிரு." இப்படிச் சொல்லிவிட்டு, பெரிய உலக அனுபவத்தைப் பிள்ளைக்குக் கொடுத்துவிட்ட திருப்தியில் தூங்கிப் போனேன்.

அவளால் அந்தச் செருப்பைப் போட முடியவில்லை. அதற்குப் பதிலாகப் பள்ளியில் வாயையே மூடிக்கொண்டாள். அங்கே அவள் பேசிய ஒரே ஆள் மம்தா. பக்கத்து வீட்டு ஒடிசாக் குடும்பத்துப் பெண், அதே வகுப்பு. கூத்து என்னவென்றால் மம்தா பேசும் உள்ளூர்த் தமிழைக் கேட்டால் கஸ்தூரி அக்காவின் பேத்தி என்றே நினைப்பீர்கள். "இன்னாடி லச்சு, ஏன்டி உம்முனுகீற?" என்று அவ்வளவு சரளம். ஆனால் தமிழ் எழுத்துகள் அவளுக்கு வசப்படவில்லை. எழுத்தெழுத்தாகக் கூட்டித்தான் படிப்பாள். எங்கள் தமிழச்சிக்கு ஒடியாக்காரப் பெண் தமிழ் பேசச் சொல்லிக்கொடுத்தாள், பதிலுக்கு இவள் அவளுக்குப் படித்துக் காட்டினாள். சாயங்காலம் படியில் உட்கார்ந்து இருவரும் நடத்தும் இந்தப் பண்டமாற்றைப் பார்த்து நானும் என் மனைவி மாரியும் சிரித்திருக்கிறோம்.

இந்த இடத்தில் என் பெருமையைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வினை அங்கேதான் ஆரம்பித்தது. பள்ளியின் பெற்றோர் குழுவில் நான் உறுப்பினர். தேர்ந்தெடுத்தார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். கூட்டத்துக்கு யாரும் வருவதில்லை. செகண்ட் ஷிஃப்ட் வாரங்களில் காலையில் சும்மா இருக்கிற ஆள் என்பதால் என்னைப் பிடித்துப் போட்டுவிட்டார்கள். ஆனால் அங்கே போனால் எனக்கு நாற்காலி உண்டு, டீ உண்டு, முக்கியமாக 'சார்' உண்டு. இந்த ஊரில் என்னை பிரேக் கம்பெனி என்று கூப்பிடாத ஒரே இடம் அதுதான். தலைமையாசிரியை வாலாஜாபாத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவர். வகுப்புகளை விட ஆசிரியர்கள் குறைவு என்பதால் அவரே இரண்டு வகுப்பை ஒன்றாக உட்காரவைத்துப் பாடம் எடுப்பார். பிள்ளைகளுக்குத் தன் காசில் பிஸ்கட் வாங்கிக் கொடுப்பதையும் பார்த்திருக்கிறேன். கெட்டவர் என்று அவரைச் சொன்னால் என் நாக்கு அழுகிவிடும்.

லட்சுமி எட்டாம் வகுப்புக்குப் போனபின் ஒரு நாள் கூட்டத்தில் அவர் கவலையாக இருந்தார். எட்டாம் வகுப்புக்கு அடைவுத் தேர்வு வரப் போகிறது என்றார். இது நம் காலத்துப் பரீட்சை மாதிரி இல்லை. வெளியிலிருந்து ஆள் வந்து, மூடி முத்திரையிட்ட கேள்வித்தாளைப் பிரித்துக் கொடுப்பார்கள். சரியான விடைக்குரிய வட்டத்தைப் பிள்ளைகள் பேனாவால் கறுப்பாக்க வேண்டும். தனிப்பட்ட பிள்ளைக்கு மார்க் கிடையாது, பாஸ் ஃபெயில் கிடையாது. எங்கே என்ன புரியவில்லை என்று கண்டுபிடிப்பதற்காகத்தான் வைக்கிறார்கள். "அப்டித்தான் சொல்றாங்க சார். ஆனா போன தபா எங்க ஸ்கூல் கீழ போச்சுன்னு மீட்டிங்ல எல்லார் முன்னாடியும் என்னை நிக்க வெச்சாங்க. இருபது வருஷ சர்வீஸ். நின்னேன்" என்றார். அவருக்கு ஆறுதல் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. அதோடு, நாற்காலியில் உட்காரவைத்து டீ கொடுத்தவரிடம் நாமும் விஷயம் தெரிந்த ஆள்தான் என்று காட்ட வேண்டும் என்றும் தோன்றியது.

நான் கம்பெனியில் தரப் பரிசோதனைப் பிரிவு. லைனில் வரும் பீஸ்களை அளந்து பார்த்து, சரியானதை ஒரு பக்கம், திருத்த வேண்டியதை ஒரு பக்கம் வைப்பது என் வேலை. திருத்த வேண்டியதற்கு எங்கள் பாஷையில் ரீவொர்க். எங்களிடம் சாமான் வாங்குகிற பெரிய கம்பெனியிலிருந்து ஆடிட் வரும் நாளில், அந்த ரீவொர்க் பீஸ்களை எல்லாம் தட்டில் அடுக்கி, கேன்டீனுக்குப் பின்னால் கொண்டுபோய்த் தார்ப்பாய் போட்டு மூடிவிடுவோம். வருகிறவர்கள் லைனில் இருப்பதை எடுத்து அளந்து பார்த்து, தலையாட்டிவிட்டுப் போவார்கள். இதை நான் டீச்சரிடம் கைகளை ஆட்டி ஆட்டிச் சொன்னேன். "அம்புட்டுதான் டீச்சர். ரீவொர்க் பீஸை ஆடிட் அன்னைக்கு லைன்ல வைக்கப்படாது. மறுநாள் கொண்டாந்து வச்சுக்கிடலாம்" என்றேன். டீச்சர் சிரித்தார். நானும் சிரித்தேன். இரண்டாவது டீ வந்தது. அந்த டீயை நான் ருசித்துக் குடித்ததை இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது.

தேர்வுக்கு முந்தைய நாள் நான் ஷிஃப்டுக்குக் கிளம்பும் நேரத்தில் டீச்சரிடமிருந்து போன் வந்தது. சுற்றி வளைத்தார். வெயில் பற்றி விசாரித்தார். பிறகு, "சார், தப்பா நினைச்சுக்காதீங்க. நாளைக்கு ஒரு நாள் லட்சுமிய வூட்லயே வெச்சுக்குங்க. பக்கத்து வூட்ல அந்த மம்தா பொண்ணுக்கும் நீங்களே சொல்லிடுங்க. உடம்பு சரியில்லன்னு போட்டுக்கறேன்" என்றார். எனக்கு முதலில் புரியவில்லை. "எதுக்கு டீச்சர்?" என்றேன். "அதான் சார், அன்னிக்கு நீங்க சொன்னீங்களே" என்றார். அவரே மேலும், "உங்க பொண்ணு இத்தினி மாசத்துல ஒரு வரி படிச்சு நான் கேட்டதில்ல சார். வாயே தொறக்க மாட்டேங்குது. நான் இன்னா பண்ணட்டும்?" என்றார். என் மகள் ஊரில் பேச்சுப் போட்டியில் பரிசு வாங்கியவள், செய்தித்தாளை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை வாசிக்கிறவள் என்று நான் கத்தியிருக்க வேண்டும். "சரிங்க டீச்சர்" என்றேன். போனை வைத்தபிறகும் சட்டைப் பையில் போடாமல் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றேன். மம்தாவின் அப்பாவிடமும் போய்ச் சொன்னேன். அந்த மனிதர் எதற்கு என்றுகூடக் கேட்காமல், "டீக் ஹை பாய்" என்று இந்தியில் சம்மதம் சொல்லித் தலையாட்டினார். கேட்டுப் பழக்கமில்லாதவர். அவர் சண்டைக்கு வந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

மறுநாள் காலையில் விஷயத்தை எப்படிச் சொல்வது என்று நான் தடுமாறிக்கொண்டிருந்தேன். லட்சுமி யூனிஃபார்ம் போடாமல் வந்து உட்கார்ந்தாள். "எப்பா, நீங்க ஒண்ணும் சொல்லாண்டாம். டீச்சர் எங்கிட்ட முந்தாநாளே சொல்லிட்டாவ" என்றாள். முகத்தில் அழுகை இல்லை. பொங்கி வந்த மாரிதான், "எம் பிள்ளைய வராதேன்னு சொல்லுததுக்கு அவுக யாரு? நீங்க என்ன சரின்னு சொல்லிட்டு வந்திருக்கிய?" என்று என்னைப் பிடித்துக்கொண்டாள். யோசனை யாருடையது என்பதை நான் அவளிடம் சொல்லவில்லை. தலை வலிக்கிறது என்று சொல்லிவிட்டு உள்ளே போய்ப் படுத்தேன்.

படுத்திருந்தபோது ஜன்னல் வழியாகக் குரல் கேட்டது. வெளியே படியில் மம்தாவும் அவளும். பள்ளியில் பயிற்சிக்காகக் கொடுத்திருந்த மாதிரி வினாத்தாளை லட்சுமி வாசித்துக்கொண்டிருந்தாள். ஒரு பெரிய பத்தி, ஏதோ நீர்நிலைகளைப் பற்றியது. தடங்கல் இல்லாமல், எங்கள் ஊர் ராகத்தில், ஏற்ற இறக்கத்தோடு வாசித்தாள். கேள்வியைப் படித்து, "இதுல நாலு விடை தந்திருக்காம்லா, மொதல்ல எது வராதோ அத அடிச்சிரு. பெறவு மிஞ்சினதுல யோசி" என்று மம்தாவுக்குச் சொல்லிக்கொடுத்தாள். மம்தா, "இது ஈசிடி. நாம போயிருந்தா எழுதிருக்கலாம்ல?" என்றாள். லட்சுமி அடுத்த கேள்விக்குப் போனாள். என்னால் அதற்குமேல் படுத்திருக்க முடியவில்லை. எழுந்து போய், "ரெண்டு பேரும் யூனிஃபார்மைப் போடுங்கட்டி" என்றேன்.

இருவரையும் பைக்கில் ஏற்றிக்கொண்டு பறந்தேன். பள்ளி கேட்டிலேயே தலைமையாசிரியை பார்த்துவிட்டார். ஓடிவந்து கையைக் குறுக்கே நீட்டினார். அவருக்குப் பின்னால் எட்டாம் வகுப்பில் பிள்ளைகளை இடம் விட்டு உட்காரவைத்துக்கொண்டிருந்தார்கள். "டீச்சர், எம் பொண்ணு நல்லா வாசிப்பா. நான் கேட்டேன். எழுதட்டும்" என்றேன். அவருக்குப் பயத்தில் கோபம் வந்துவிட்டது. குரலைத் தாழ்த்திக்கொண்டுதான் சொன்னார், ஆனால் பக்கத்தில் நின்றவர்களுக்குக் கேட்காமல் இருக்குமா? "இன்னா சார் நீங்க! ரீவொர்க் பீஸை ஆடிட் அன்னிக்கு லைன்ல வைக்கக் கூடாதுன்னு எனக்குச் சொல்லிக்குடுத்ததே நீங்கதானே? இப்ப நீங்களே இட்டுகினு வந்து நிக்கிறீங்க!"

ரீவொர்க் என்ற சொல்லுக்கு மம்தாவுக்கு அர்த்தம் தெரிந்திருக்காது. என் மகளுக்குத் தெரியும். சாப்பாட்டு நேரத்தில் இன்றைக்கு எத்தனை ரீவொர்க், யார் தலையில் விடிந்தது என்று நான் பேசுவதைக் கேட்டே வளர்ந்தவள். அவள் டீச்சரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். திட்டு வாங்கியபோதும் பட்டப்பெயர் கேட்டபோதும் என்னிடம் ஓடிவந்த முகம் அது. இப்போது யாரோ வழியில் போகிறவரைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டது. நான் 'ஏட்டி' என்று ஏதோ சொல்ல வாயெடுத்தேன்.

அதற்குள் தேர்வு நடத்த வந்திருந்த பெண் வராந்தாவுக்கு வந்தாள். கல்லூரி மாணவி போலிருந்தாள். "லேட்டா வந்த பசங்களா மேடம்? உள்ளே அனுப்புங்க, இன்னும் பேப்பர் பிரிக்கல" என்றாள் சாதாரணமாக. டீச்சர் வராந்தாவைத் திரும்பிப் பார்த்தார். பிறகு கையை இறக்கிக்கொண்டு, "போங்கடி. பேனா கீதா?" என்றார். மம்தாவிடம் இல்லை. தன் கைப்பையைத் திறந்து கறுப்புப் பேனாவை எடுத்துக் கொடுத்தார். பிள்ளைகள் உள்ளே போனபின் நாங்கள் இருவரும் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றோம். "அவ்ளோ நல்லா படிக்குமா சார் அது? பின்ன ஏன் என்கிட்ட ஒரு தபா கூடப் பேசல?" என்று கேட்டார். பொய்க் கேள்வி இல்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பினார். ஷிஃப்ட் பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று கிளம்பிவிட்டேன். உண்மையில் நிறைய நேரம் இருந்தது.

அடுத்த நாள் காலை லட்சுமி கண்ணாடி முன்னால் நின்று தலை பின்னிக்கொண்டிருந்தாள். எதுவும் நடக்காத மாதிரி, "பரீட்சை எப்படிட்டி எழுதின?" என்று கேட்டேன். கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்காமல், "நல்லாதான் எழுதிகீறேன்ப்பா. ஈசியாதான் இருந்துச்சு" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒரு வருஷமாக வாயில் நுழையாத பேச்சு! மம்தாவின் வாத்தியார் வேலை கடைசியில் பலித்துவிட்டது என்று நினைத்தேன். "பரவால்லயே, பழகிட்டியே!" என்றேன். அவள் சிரிக்கவில்லை. அடுக்களைப் பக்கம் திரும்பி, "எம்மா, ரிப்பன எங்ஙன வச்சிய?" என்று கேட்டாள். அவளிடம் பேசுகிற பேச்சு மட்டும் மாறவே இல்லை.

ஒருவேளை விளையாட்டாக இருக்கும் என்று விட்டுவிட்டேன். சாயங்காலமும் அப்படித்தான். ஞாயிற்றுக்கிழமையும் அப்படித்தான். அம்மாவிடம் ஊர்ப் பேச்சு, என்னிடம் ஒரகடம். தாங்கமாட்டாமல் ஒருநாள் கேட்டேவிட்டேன். "ஏட்டி, எங்கிட்ட மட்டும் ஏம்ட்டி இப்படிப் பேசுத?" அவள் மரியாதைக் குறைவாக ஒன்றும் சொல்லவில்லை. இந்த ஊரில் எந்தப் பிள்ளையும் தன் அப்பாவிடம் பேசுகிற மாதிரிதான் சொன்னாள்: "நீதானப்பா இப்டி பேசச் சொன்ன?" நீ என்றாள். பிறந்ததிலிருந்து என்னை 'நீங்க' என்று மட்டுமே சொன்ன வாய். என் அப்பா எந்த வார்த்தைக்காகப் பஸ் ஏறினாரோ அதே வார்த்தை. அவருக்காவது ஏறிப் போக ஓர் ஊர் இருந்தது.

இப்போது பள்ளியில் அவள் வாய் திறக்கிறாளாம். டீச்சர் போனில் சொன்னார், வகுப்பில் எழுந்து நின்று வாசிக்கிறாள், யாரும் சிரிப்பதில்லை என்று. அவர் குரலில் நிஜமான சந்தோஷம். அந்தத் தேர்வில் பள்ளி மேலே போனதா கீழே போனதா என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. குழுக் கூட்டத்துக்கு நான் போய் நாளாகிறது. மகள் நன்றாகத்தான் இருக்கிறாள், அதில் எனக்குச் சந்தோஷம்தான். அவளிடம் மன்னிப்பு என்று ஒரு வார்த்தை சொல்லிவிடலாம். எந்தப் பேச்சில் சொல்வது என்று தெரியாமல் தள்ளிப் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

நேற்று ஷிஃப்டுக்குக் கிளம்பும்போது கழுத்தில் டேக் மாட்ட மறந்துவிட்டேன். படியில் உட்கார்ந்து ஷூ மாட்டிக்கொண்டிருந்தேன். லட்சுமி அதை எடுத்துக்கொண்டு வந்து, "இந்தாப்பா, மறந்துட்டியே" என்று நீட்டினாள். வாங்கி மாட்டிக்கொண்டு, "போயிட்டு வாரேன்ட்டி" என்றேன். "சரிப்பா" என்றுவிட்டு உள்ளே போனாள். நான் இன்னும் எழுந்திருக்கவில்லை; ஒரு கால் ஷூவின் லேஸ் கையில் இருந்தது. உள்ளேயிருந்து அவள் குரல் வந்தது, எங்கள் ஊர் ராகத்தில், சுத்தமாக:

"எம்மா, அப்பா போயாச்சு. கதவ அடைக்கட்டா?"